ஆய்வேடு எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: திறந்த அணுக்கமும் கணினிக் கருவிகளும்

சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மதியம் 3 மணிக்கு மேல் வகுப்புகள் ஓய்ந்ததும் ஆய்வு மாணவர்கள் வர ஆரம்பிப்பார்கள். தமிழ், வரலாறு, சமூகவியல், எப்போதாவது விலங்கியல். கையில் பென்டிரைவ் இருக்கும், தலைக்கு மேல் சினாப்சிஸ் கொடுக்க வேண்டிய தேதி இருக்கும். பல வருடங்களாக அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழில் எழுதுபவர்களை மனதில் வைத்து எழுதியது என்பதால், ஆங்கில வழிகாட்டிகளில் வராத சில விஷயங்களுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

திறந்த அணுக்கம் என்றால் இலவசமாகப் படிக்கலாம் என்பதுதானே?

பாதி சரி. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைதான் இந்தச் சொல்லுக்கு ஒரு தெளிவான பொருள் கொடுத்தது. ஆய்வுக் கட்டுரையை யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். அதோடு நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கணினியை வைத்து அலசலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் எழுதியதைச் சிதைக்கக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

நமக்கு இது புதிய எண்ணம் இல்லை. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே கொடுத்துவிட்டது. அதற்குப் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. அங்கே அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உரிமையை வாங்குகிறது. இங்கே எழுதியவரே, எழுதும்போதே, அந்த உரிமையைப் பொதுவில் வைக்கிறார். அதனால் அவருக்கு நஷ்டம் உண்டா என்று கேட்பீர்கள். ஆய்விதழில் கட்டுரை எழுதி யாரும் ராயல்டி வாங்கியதில்லையே. நாலு பேர் படிக்க வேண்டும், பயன்படுத்த வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

நெறியாளர் படிக்கச் சொன்ன கட்டுரையைத் திறந்தால் 40 டாலர் கட்டச் சொல்கிறது. என்ன செய்ய?

கட்ட வேண்டாம். முதலில் கட்டுரையின் தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரில் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் முடிவுக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பு இருக்கும். பதிப்பகத்தில் பூட்டியிருக்கும் கட்டுரை, ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் திறந்தே கிடப்பது உண்டு. அன்பேவால் என்ற நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால் அதுவே தேடிப் பார்த்துவிடும். சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து காட்டும்.

அதிலும் கிடைக்கவில்லையா, கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். இதைச் சொன்னால் நம் மாணவர்கள் தயங்குவார்கள். "அவங்க பெரிய பேராசிரியர், நமக்கெல்லாம் பதில் போடுவாங்களா மேடம்?" என்று ஒரு பெண் கேட்டார். இரண்டு வரியில் எழுத வைத்தேன்: நான் இன்ன தலைப்பில் ஆய்வு செய்கிறேன், உங்கள் இந்தக் கட்டுரை தேவைப்படுகிறது. மறுநாள் காலையில் கட்டுரை வந்தது, கூடவே அவர் எழுதிய இன்னும் இரண்டு கட்டுரைகளும் வந்தன. தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்பதில் எழுதியவருக்கு இருக்கும் சந்தோஷம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இனி எல்லாம் இலவசம் இல்லையா?

நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் இதில் அடக்கம். காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் இது பொருந்தும். சுயநிதிக் கல்லூரி மாணவர் வெளியேதான் நிற்கிறார். சென்னையைச் சுற்றி எத்தனை சுயநிதிக் கல்லூரிகள் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது புரியும். அரசுக் கல்லூரி மாணவராக இருந்தால், வீட்டிலிருந்தே இதழ்களைத் திறக்க என்ன வழி என்று உங்கள் நூலகரிடம் இன்றைக்கே கேளுங்கள். கேட்காமலே படிப்பை முடித்துவிட்டுப் போனவர்கள் நிறைய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தா கட்டிப் படிப்பது திறந்த அணுக்கம் ஆகாது. சந்தா நின்றால் கதவு மூடிக்கொள்ளும்.

சை-ஹப் பயன்படுத்தலாமா மேடம்?

பூட்டியிருக்கும் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது. எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி என்ற மூன்று பதிப்பகங்களும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நான் பரிந்துரைப்பதில்லை. மேலே சொன்ன வழிகளை முழுதாக முயன்றாலே பெரும்பாலானவை கிடைத்துவிடுகின்றன.

தமிழ் நூல்களும் பழைய இதழ்களும் இணையத்தில் எங்கே கிடைக்கும்?

மதுரைத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். 1998-ல் தன்னார்வலர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை தட்டச்சு செய்து, பிழை திருத்தி வைத்திருக்கிறார்கள். எழுத்து வடிவிலேயே இருப்பதால் ஒரு சொல்லை இட்டுத் தேட முடியும். சங்கப் பாடல்களில் 'நெய்தல்' எங்கெங்கே வருகிறது என்று பார்க்க முன்பெல்லாம் வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

அப்புறம் கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். அரிய நூல்கள், நாட்டுடைமை நூல்கள், பழைய இதழ்கள் எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கின்றன. ஈழத்து எழுத்துகள் வேண்டும் என்றால் நூலகம் தளம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்பதைத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே அங்கே பார்த்துவிடுங்கள்.

ஆனால் எல்லாமே இணையத்தில் இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களை வைத்து 1994-ல் தொடங்கியது. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், மலிவு விலைக் குஜிலிப் பிரசுரம் போல வேறெங்கும் தேடிக் கிடைக்காதவை அங்கே உண்டு. ஒரு நாள் ஒதுக்கி நேரில் போங்கள். கன்னிமாரா, அடையாறு நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் எல்லாமே பேருந்தில் போய் வரும் தூரத்தில் இருக்கின்றன. வெளியூர் ஆய்வாளர்கள் பணம் செலவழித்து வந்து தங்கிப் பார்க்கும் இடங்கள் இவை.

ஆய்வேட்டை டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்தேன். வேறு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கோளாறாகத் தெரிகிறது.

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

திருவல்லிக்கேணியில் ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடைகள் பல தலைமுறை மாணவர்களைக் கரையேற்றியிருக்கின்றன. வேகமாகவும் பிழையில்லாமலும் அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் பல இடங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி அதைத் தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன் பிறகு ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கிறது. அந்த ஐந்து குறிகளின் மேல் தமிழ் எழுத்தின் படத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் போர்வை விலகிவிடும். திரையில் ஜே, கே, பி, ஓ தான் மிஞ்சும்.

அச்சில் அழகாகத்தான் இருக்கும். வைவா என்ற வாய்மொழித் தேர்வும் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பை இணையத்தில் ஏற்றினால் கூகுளுக்கு அது தமிழே இல்லை. ஆறு வருட உழைப்பு, ஒரு தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுபவர் கண்ணில் படவே படாது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறை யூனிகோடு. அதில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. 'த' என்றால் எந்தக் கணினியிலும் 'த' தான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. 1999-ல் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு அது. ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும். கடையில்தான் கொடுப்பேன் என்றால் கொடுங்கள், "யூனிகோடில் அடித்துக் கொடுங்கண்ணா" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே பாமினியில் இருப்பதை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்திருந்தால் அவையும் 'தமிழாகி' உளறியிருக்கும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. 'ஔ' வரிசைக் குறியைப் போட வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பையும் 'ள' எழுத்தையும் சேர்த்து அடித்தால் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடலில் சிக்காது. துணைக்காலுக்குப் பதிலாக 'ர' அடிப்பதும் அப்படித்தான்.

மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் எப்படிச் சமாளிப்பது?

ஸோட்டேரோ. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது, 2006 முதல் இருக்கிறது. உலாவியில் அதன் பொத்தானை அழுத்தினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையின் விவரங்கள் உங்கள் சேகரிப்புக்கு வந்துவிடும். வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸிலோ எழுதும்போது மேற்கோளைச் செருகிக்கொண்டே போகலாம், கடைசியில் துணைநூற்பட்டியலை அதுவே தயாரித்துவிடும். ஓர் இதழ் ஒரு பாணி கேட்கிறது, இன்னொன்று வேறு பாணி கேட்கிறது என்றால் ஒரே சொடுக்கில் மாறிக்கொள்ளும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால்கூட எச்சரிக்கும். மெண்டெலியும் நல்ல கருவிதான். ஆனால் அது 2013 முதல் எல்சேவியர் கையில் இருக்கிறது. நாளைக்கு விதிகள் எப்படி மாறும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதால் நான் ஸோட்டேரோவையே சொல்லித் தருகிறேன்.

தமிழ்ப் பெயர்களில்தான் சிக்கல் வரும். ஸோட்டேரோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? புதுமைப்பித்தனை எந்தக் கட்டத்தில் போடுவது? பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டும் ஒரே கட்டமாகிவிடும். பெயரை அப்படியே எழுதலாம், கருவி அதைப் புரட்டிப் போடாது. முதலெழுத்து உள்ள பெயர்களுக்கு உங்கள் துறையில் என்ன வழக்கமோ அதை முதல் நாளே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் இருங்கள்.

அகர வரிசையையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். யூனிகோடு அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' நிற்கிறது, 'ர'வுக்கு அடுத்து 'ற', 'வ' போய் 'ழ'வுக்குப் பின்னால் நிற்கிறது. தமிழ் வரிசை தெரியாத மென்பொருள் அந்த எண் வரிசையிலேயே அடுக்கிவிடும். தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

வேர்டில் எழுதலாமா, லாடெக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கணிதம், இயற்பியல், கணினியியல் என்றால் லாடெக்ஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இல்லாமல் முடியாது. தமிழில் எழுதுவதானால் அதன் ஸீடெக் அல்லது லுவாடெக் வகை வழியாக யூனிகோடு எழுத்துருவை நேரடியாகப் பயன்படுத்தலாம். ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் எதையும் நிறுவாமலே முயன்று பார்க்கலாம். மற்றத் துறைகளுக்கு லிப்ரே ஆஃபீஸோ வேர்டோ போதும். எதில் எழுதினாலும் தலைப்புகளைக் கையால் பெரிதாக்கித் தடிமனாக்காமல், 'தலைப்பு' பாணியைத் தேர்ந்து போடுங்கள். பொருளடக்கம் தானாக உருவாகும். கடைசி ராத்திரி பக்க எண்ணை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஸ்கேன் செய்த பழைய புத்தகத்திலிருந்து எழுத்தை எடுக்க முடியுமா?

முடியும். டெஸராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழை அறியும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸாகத் திறந்தாலும் எழுத்தாகிவிடும். பக்கம் நேராக இருக்க வேண்டும், குறைந்தது 300 டிபிஐ இருக்க வேண்டும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் 'ணை', 'லை', 'றா' போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அந்த இடங்களில் கருவி தடுமாறும். மேற்கோள் காட்டப் போகும் வரியை மூலத்தோடு ஒப்பிடாமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

கருத்துத்திருட்டுச் சோதனையில் எத்தனை சதவீதம் வரை விடுவார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடியும் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை இவை கணக்கில் வராது.

ஆனால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். தமிழில் இந்தச் சோதனையைச் செய்யும் மென்பொருள்கள் ஒப்பிடுவதற்கு இணையத்தில் யூனிகோடில் இருப்பவை மட்டும்தான் கிடைக்கும். பழைய ஆய்வேட்டிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தாலும் 2 சதவீதம் என்று வரலாம். அப்படி வந்துவிட்டால் அது நேர்மை ஆகிவிடாது. இன்னொருவர் வெயிலில் அலைந்து சேர்த்த களத்தரவு அது. பெயரைப் போடுங்கள்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா?

ஆங்கிலத்தைச் சீர்படுத்தவும், நீளமான கட்டுரையின் போக்கைப் புரிந்துகொள்ளவும் உதவும். அதை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிகளுக்கான சர்வதேசக் குழுவான கோப் 2023-லேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். மேற்கோள் மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை, இல்லாத பக்க எண்ணோடு, இருக்கும் பேராசிரியர் பெயரில் சொல்லும். தமிழ் நூல்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒரு மாணவர் கொண்டுவந்த பட்டியலில் இருந்த ஏழு நூல்களில் நான்கை எந்த நூலகப் பட்டியலிலும் என்னால் காண முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் ஓர் இதழ் விளம்பரம் வந்தது. மூன்றே நாளில் வெளியிடுவார்களாம், 'யு.ஜி.சி. அங்கீகாரம்' என்றும் போட்டிருக்கிறார்கள். அனுப்பலாமா?

வேண்டாம். மூன்று நாளில் எந்த அறிஞரும் உங்கள் கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொல்ல முடியாது. அவர்கள் கட்டுரை வாங்குவது பணத்துக்காக மட்டும்தான்.

'யு.ஜி.சி. அங்கீகாரம்' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மானியக் குழு தன் பழைய பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் ஒரே அடியாக 4,305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பின் வந்த 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்றைக்கு ஓர் இதழ் அந்தப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்கிறது என்றால் அதுவே எச்சரிக்கை மணி. ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதே என்பார்கள். அது ஓர் அடையாள எண், இந்தியாவில் விண்ணப்பித்தால் இலவசமாகத் தருகிறார்கள். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் மாணவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது இவற்றைத்தான். இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளைத் திறந்து இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படிப்போம். ஆசிரியர் குழுவில் இருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைச் சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் அவருக்கே எழுதிக் கேட்போம். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்ததும் உண்டு. பிறகு டோஜ் என்ற திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் தேடுவோம். 2003-ல் தொடங்கியது, சோதித்துத்தான் சேர்ப்பார்கள்.

பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகாது. நல்ல இதழ்கள் பலவும் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன, சிலவற்றில் அது லட்சக்கணக்கில் போகும். எழுதுபவரிடமும் வாங்காமல் படிப்பவரிடமும் வாங்காமல் நடக்கும் இதழ்களை வைர வழி என்கிறார்கள். பல்கலைக்கழகங்களும் அறிஞர் சங்கங்களும் நடத்துபவை. கிடைத்தால் அங்கே அனுப்புங்கள்.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 முனைவர் பட்ட விதிகளில் மானியக் குழு நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்தரங்கக் கோவையில் கட்டுரை வந்திருக்கிறது, ஐ.எஸ்.பி.என். உண்டு. அது போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். வடசென்னை வாசகசாலைகளைப் பற்றி, பெரியவர்கள் பலரைப் பேட்டி எடுத்து ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு தேசியக் கருத்தரங்கில் படித்தேன், கட்டணமும் கட்டினேன். நூறு கட்டுரைகளுக்கு மேல் இருந்த தடிமனான கோவை, மதிய உணவுப் பொட்டலத்தோடு கையில் வந்தது. கட்டுரை நான்கு பக்கத்துக்குச் சுருக்கப்பட்டிருந்தது, அடிக்குறிப்புகள் இல்லை. அந்தப் பெரியவர்களில் சிலர் இப்போது இல்லை. அவர்கள் சொன்னது அந்தக் கோவையில் மட்டும்தான் இருக்கிறது. கோவையோ எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை, ஏற்பாட்டாளர்களிடமும் மிச்சப் பிரதி இல்லை. பேட்டிக் குறிப்புகள் என்னிடம் இருந்ததால் மறுபடி விரிவாக எழுதி இணையத்தில் ஏற்றினேன். அதன் பிறகுதான் அதைப் படித்துவிட்டு ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

ஐ.எஸ்.பி.என்.னும் இலவச அடையாள எண்தான். கருத்தரங்குக்குப் போங்கள், நாலு பேரைப் பாருங்கள், பேசுங்கள். ஆனால் முழுக் கட்டுரையை வேறு நல்ல இடத்தில் வையுங்கள்.

இதழில் வந்த கட்டுரையை நானே இணையத்தில் போடலாமா? உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேனே.

எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தீர்களா? பெரும்பாலோர் படிப்பதில்லை. பல பதிப்பகங்கள் அச்சில் வந்த வடிவத்தைத்தான் போடக்கூடாது என்கின்றன. மதிப்பாய்வு முடிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட உங்கள் வேர்டு பிரதியைக் குறிப்பிட்ட காலம் கழித்துப் போட அனுமதிக்கின்றன. இதைப் பச்சை வழி என்பார்கள். எந்த இதழ் என்ன சொல்கிறது என்பதை முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்த தளத்தில் பார்க்கலாம், இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர். இதழுக்கு அனுப்பும் முன்பே முன்வரைவைப் போடும் பழக்கமும் உண்டு. தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், 1991 முதல் இயங்கும் ஆர்கைவ் என்ற முன்வரைவுத் தளத்தில் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அதனால் ஏற்றுக்கொண்ட வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள்.

எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்க?

உங்கள் எழுத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று நீங்களே முன்கூட்டி அறிவிக்கும் உரிமங்கள் இவை. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் 'பை' உரிமம் ஆய்வுக்குப் போதுமானது. பயத்தில் 'மாற்றம் கூடாது' என்பதைச் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்தால் உங்கள் கட்டுரையை யாரும் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. தமிழில் எழுதுபவர் தானே தன் வாசலை அடைப்பது போல அது.

ஆர்க்கிட் எண் அவசியமா?

அவசியம். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் அடையாள எண் அது. உங்கள் பெயர் செல்வி, அப்பா பெயர் ராமசாமி என்று வையுங்கள். படிவத்தில் குடும்பப்பெயர் கேட்டதும் அப்பா பெயரைப் போடுகிறீர்கள். மேற்கோளில் 'ராமசாமி, எஸ்.' என்றுதான் வரும். ஆய்வு உங்களுடையது, பெயர் அப்பாவுடையது. கல்யாணத்துக்குப் பிறகு வேறு பெயர் சேர்ந்தால் குழப்பம் இரட்டிப்பு. ஆர்க்கிடின் 16 இலக்கம் பெயர் எப்படி மாறினாலும் மாறாது. பதிவு செய்ய ஐந்து நிமிடம், கட்டணம் இல்லை.

எங்கள் துறையிலிருந்தே ஒரு தமிழ் ஆய்விதழ் தொடங்க நினைக்கிறோம்.

தொடங்குங்கள். ஓ.ஜே.எஸ். என்ற கட்டற்ற மென்பொருள் கட்டுரை வாங்குவது, மதிப்பாய்வுக்கு அனுப்புவது, வெளியிடுவது என எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். சர்வருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மென்பொருள் பெரிய கஷ்டம் இல்லை. வருடக்கணக்கில் சலிக்காமல் கட்டுரைகளைப் படித்துத் திருத்தும் மூன்று பேர் வேண்டும். அவர்கள் கிடைத்த பிறகு தளத்தை வாங்குங்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று, ஷோத்கங்காவில் ஏறிவிடும். அப்புறம் நான் செய்ய என்ன இருக்கிறது?

ஷோத்கங்காவில் அது இயல் இயலாகப் பிரிந்து கிடக்கும். உங்கள் பேட்டிப் பதிவுகள், புகைப்படங்கள், சேகரித்த பாடல்கள் அதில் வராது. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகம் நடத்தும் ஸெனோடோவில் அவற்றை ஏற்றலாம். ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை இடம் தருகிறார்கள், ஏற்றியதை எப்போதும் கண்டுபிடிக்க உதவும் நிரந்தர அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யும் இலவசம். பேட்டி கொடுத்தவர்களின் சம்மதம் முக்கியம். கேட்காமல் எதையும் பொதுவில் வைக்காதீர்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பி.டி.எஃப்.ஐத் திறந்து, கண்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தி, ஆய்வேட்டில் கட்டாயம் இருக்கும் ஒரு சொல்லை அடியுங்கள். 'கொ', 'தோ' போல இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்து அந்தச் சொல்லில் இருக்கட்டும், 'தொழிலாளர்' மாதிரி. பி.டி.எஃப். உடைவது அங்கேதான். சொல் கிடைத்தால் அப்படியே ஏற்றலாம். கிடைக்கவில்லை என்றால், நீங்கள் எழுதிய மூலக் கோப்பையும் பி.டி.எஃப். பக்கத்திலேயே சேர்த்து ஏற்றுங்கள்.